பஸ்பாருக்கு அந்தப் பக்கம்

அசையாமல் எரிய வேண்டிய மூன்று விளக்குகளும் மெல்ல மங்கின. பிறகு மெல்லப் பிரகாசமாயின. மறுபடி மங்கின.

டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கன்ட்ரோல் ரூமின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், பிரித்து மாட்டிய டீசல் என்ஜின் லோடு எதுவும் இல்லாமல் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. பிரித்து மாட்டிய என்ஜினை உடனே வேலைக்கு விரட்டக் கூடாது, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுப் பழக்க வேண்டும் என்பது ஃபிட்டரின் உத்தரவு. உத்தரவைப் போட்டுவிட்டு, மழை பிடித்துக்கொள்வதற்குள் மனிதர் கம்பி நீட்டிவிட்டார். சாயங்காலம்தான் ஆகியிருந்தது, ஆனால் மேகம் கவிந்து, வெளியே ஆள் முகம் தெரியாத இருட்டு. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தமும் என்ஜினின் உறுமலும் ஒன்றோடொன்று கலந்து, காதுக்குள் பஞ்சை வைத்து அடைத்த மாதிரி இருந்தது.

அந்த விளக்குகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது ஒரு காகித ஆலை. வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை நம்பினால் பிழைப்பு நடக்காது என்று சொந்தமாக என்ஜின் வைத்து மின்சாரம் எடுக்கிற ஆலை. என்ஜின் தருகிற மின்சாரம் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் பிரேக்கர் என்ற பெரிய ஸ்விட்சைத் தாண்டி, பஸ்பார் என்று சொல்லப்படும் செம்புப் பட்டைகளில் ஏறும். பட்டைகள் இருப்பது முற்றத்துக்கு எதிர்ப்புறம், பேனல் ரூமில். அங்கிருந்துதான் ஆலைக்கே உயிர் போகும். பிரேக்கருக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இணைத்துக் கட்டியவை அந்த மூன்று விளக்குகள். ஏதாவது ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் இருந்தால் அவை அசையாமல் எரியும். இரண்டு பக்கமும் இருந்தால்தான், ஒன்றை ஒன்று துரத்திப் பிடிக்கப் பார்க்கிற மாதிரி, மங்கியும் பிரகாசித்தும் அலையும். இரண்டும் ஒரே நடைக்கு வந்ததும் சுத்தமாக அணைந்துபோகும். அணைந்த அந்த நொடியில் பிரேக்கரைப் போட்டால், இரண்டும் சண்டை சச்சரவில்லாமல் ஒன்றாகிவிடும்.

ஆனால் இன்றைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது. ஆலை மொத்தமும் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. வெளி லைனை வாசல் கம்பத்திலேயே கழற்றிவிட்டார்கள். இன்னொரு என்ஜின் பாகம் பாகமாகத் தரையில் கிடந்தது. பஸ்பார் வெறும் செம்பு. அந்தச் செம்பின் மேல் இந்த நிமிஷம் இரண்டு கைகளையும் வைத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவன் அவளுடைய தம்பி.

அவள் டீயை மேஜையில் வைத்துவிட்டு இன்டர்காமை எடுத்தாள்.

"டேய், என்ன பண்ற?"

"ம்ம், டான்ஸ் ஆடிட்டிருக்கேன். நட்டு முடுக்கறேன் அக்கா, வேற என்ன பண்ணுவேன்? தோள்ல போன இடுக்கிக்கிட்டுப் பேசறேன். கழுத்து போச்சு. எனக்குக் கழுத்து சுளுக்கினா உன் தம்பி பொண்டாட்டிக்கு நீதான் பதில் சொல்லணும்."

அவன் சரியான வாயாடி. நாலு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு நாற்பது வார்த்தை செலவழிப்பான். அவளுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"டெஸ்டர் வச்சுப் பாத்தியா? பஸ்பார்ல எதாச்சும் இருக்கா?"

"செத்துப்போய்க் கிடக்கு. பாத்துட்டுத்தானே கைய வச்சேன். ஏன்?"

"விளக்கு அலையுதுடா."

"பிரேக்கர நான் பூட்டியிருக்கேன். சாவி உங்கிட்ட. இன்னொரு என்ஜின் தரையில கிடக்கு. அப்புறம் எங்கேருந்து அலையும்? மழை ஈரம் எங்கயோ இறங்கியிருக்கும். நீ டீயக் குடி."

சாவி அவளிடம்தான் இருந்தது, கோட்டின் உட்புறம் ஊக்கில் கோத்து. ஆலையில் அது பெரிய கேலி. ஆபத்தான வேலைக்குள் போகிறவன் பிரேக்கரில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, ஒரே சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அவனே வந்து, அவன் கையாலேயே திறக்க வேண்டும். அதுதான் வழக்கம். தம்பி ஒருமுறை சாவியைப் பேனலுக்குள் தவறவிட்டு, அதைத் தேடி எடுப்பதற்குள் ஒரு ஷிஃப்ட் வேலையே வீணானது. அன்றிலிருந்து சாவியை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போகிறான். "பூட்டு தம்பியோடது, உயிர் அக்காவோடது" என்று ஃபிட்டர் சிரிப்பார். வேறு எந்த ஆபரேட்டராக இருந்தாலும் முடியாது என்று சொல்லியிருப்பார். அவள் எப்படிச் சொல்வாள்? அவனுக்கு மீசை முளைப்பதற்கு முன்பே அம்மா போய்ச் சேர்ந்தாள். சோறு போட்டு, படிக்க வைத்து, இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தவள் அவள். காலையில்கூட அவன் பெண்டாட்டி வாசல்வரை வந்து, "உங்கள நம்பித்தான் அண்ணி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். அந்தப் பெண்ணுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை.

"டேய், கொஞ்சம் வெளிய வந்து நில்லு. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

"அக்கா, இன்னும் ரெண்டு மூணு நட்டுதான். இப்ப விட்டா மறுபடி முதல்லேருந்து டைட் பாக்கணும். பயந்தாங்கொள்ளி மாதிரி பேசாத."

"சொன்னாக் கேளுடா…"

போனில் சர்ரென்று ஒரு இரைச்சல். அவன் குரல் அதற்குள் மூழ்கிப்போனது.

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். இரைச்சல் மெல்ல அடங்கியது. லைன் அறுபடவில்லை. அந்த முனையில் யாரோ மூச்சு விடுகிற சத்தம். வேலை செய்கிறவன் மூச்சிரைக்கிற மாதிரி இல்லை. தூங்குகிறவனின் மூச்சு, நீளமாக, நிதானமாக, ஈரமாக. உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

அவள் கண்கள் தானாக விளக்குகள் பக்கம் போயின. மூச்சு உள்ளே போகும்போது விளக்குகள் பிரகாசித்தன. வெளியே வரும்போது மங்கின.

சும்மா அப்படித் தோன்றுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எத்தனை வருஷமாக இந்த அறையில் குப்பை கொட்டுகிறாள்! என்ஜின் வெடித்துப் புகை கக்கிய நாளில்கூட ஓடாமல் நின்றவள். ஆலையில் எல்லோருக்கும் அவள் என்ஜின் அக்கா. மெக்கானிக்குகளே அவளைக் கேட்டுத்தான் கை வைப்பார்கள். அப்படிப்பட்டவள் இப்போது ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அறையில் ஒரு நாற்றம் வேறு வரத் தொடங்கியிருந்தது. வார்னிஷ் கருகுகிற நாற்றம். மோட்டார் எரிந்துபோனால் வருமே, மூக்குக்குள் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கே கூட வருமே, அது. ஓடுகிற மோட்டார் எதுவும் ஆலையில் இல்லை.

"தம்பி?"

மூச்சு நின்றது. விளக்குகளும் மங்கிய இடத்திலேயே நின்றன.

"அக்கா" என்றது குரல்.

தம்பியின் குரல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அவன் எப்போதும் கொட்டுகிற எதுவும் வரவில்லை.

"என்னடா ஆச்சு? ஏன் பேசாம இருந்த?"

"குளிருது அக்கா. ஸ்விட்சப் போடு."

செம்பில் கை வைத்திருக்கிறவன், பிரேக்கரைப் போடு என்று சொல்லவே மாட்டான். விளையாட்டுக்கும் சொல்ல மாட்டான்.

"வேல முடிஞ்சுதா?"

"போடு அக்கா."

"முடிஞ்சுதான்னு கேக்கறேன்ல?"

"இருட்டா இருக்கு. ரொம்ப நாளா இருட்டா இருக்கு. போடு."

பயம் அவளுக்குக் கோபமாக வந்தது. பயந்தால் எரிந்து விழுகிற சுபாவம் அவளுக்கு. "விளையாடுற நேரமாடா இது? செருப்பு பிஞ்சிடும்! போன்ல சொன்னாப் போடற பழக்கம் இங்க கிடையாது. பூட்டுப் போட்டவன் நேர்ல வந்து என் முன்னாடி நிக்கணும். அப்பதான் சாவி. தெரியும்ல?"

அந்த முனை யோசிக்கிற மாதிரி இருந்தது.

"நேர்ல வந்து நின்னா?"

"ஆமா!"

"சரி" என்றது குரல். "வரேன்."

லைன் செத்துப்போனது.

அவள் ரிசீவரை வைத்தாள். மறுபடி எடுத்தாள். ஒன்றும் இல்லை. உடனே என்ஜினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். என்ஜின் இருமியது, தடுமாறியது, சுற்றுச் சுற்றாக வேகம் குறைந்து, கடைசியாக ஒரு நீண்ட முனகலோடு அடங்கிப்போனது. மழை மட்டும் மிச்சம். அப்பாடா என்றிருந்தது. என்ஜினே ஓடாதபோது யார் எதைப் போட்டாலும் என்ன? தம்பியின் கையை எதுவும் சுடாது. பேட்டரியில் எரிகிற அவசர விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் மீட்டர்களின் முட்கள் ஒவ்வொன்றாகப் பூஜ்யத்தில் போய்ப் படுத்தன.

அந்த மூன்று விளக்குகளும் அணையவில்லை.

எரிந்தன. அசையாமல். இதுவரை அவள் பார்த்திராத வெளிச்சத்தோடு.

ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் இருந்தால் அசையாமல் எரியும். இந்தப் பக்கம்தான் செத்துவிட்டதே. அப்படியென்றால் இருப்பது அந்தப் பக்கத்தில். பட்டைகளில். தம்பியின் கையில்.

"ஐயோ கடவுளே!"

அவள் கதவைப் பார்த்து ஓடினாள். நாற்காலி கவிழ்ந்தது. மேஜையிலிருந்த கிளாஸ் உருண்டு உடைந்தது. கதவை இழுத்துத் திறந்தாள். மழையும் காற்றும் முகத்தில் அறைந்தன. வாசற்படியில் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். வேலைக்குப் போட்ட ரப்பர் கையுறைகள் கையில் அப்படியே இருந்தன. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. அவனைப் பிடித்து உள்ளே இழுத்தாள், முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள், அப்புறம் அதே கையால் தடவிக் கொடுத்தாள்.

"பாவி! என் உயிரே போயிடுச்சுடா. எத்தன தடவ கூப்பிட்டேன்! போன்ல என்னென்னவோ பேசற. இப்படியாடா ஒருத்திய பயமுறுத்துவ?"

"வந்துட்டேன்ல" என்றான் அவன்.

"கரண்ட் எதாச்சும் அடிச்சுதா? காட்டு கைய."

"இல்ல."

"பஸ்பார்ல மின்சாரம் இருக்குடா! எங்கேருந்து வருதுன்னே தெரியல. கடவுள் புண்ணியத்துல வெளிய வந்துட்ட. வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போலாம் வா."

"போலாம். சாவி குடு."

அவள் கோட்டின் ஊக்கைக் கழற்றினாள். பூட்டு அவனுடையது. போட்டவன் அவன். நேரில் வந்து நிற்பவன் அவன். என்ஜினும் நின்றுவிட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். கையுறை ரப்பர் வழியாகவும் அந்தக் குளிர் அவள் விரலில் ஏறியது. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்ட மாதிரி.

"என்னடா இப்படிச் சில்லுன்னு இருக்க? துண்டு தரேன், தலையத் துவட்டு."

அவன் பிரேக்கர் பக்கம் நடந்தான். ஈரச் செருப்போடு நடக்கிறவனின் காலடி கேட்க வேண்டுமே, கேட்கவில்லை. கருகல் நாற்றம் அவனோடு சேர்ந்து நகர்ந்தது. அவள் துண்டைத் தேடி அலமாரியைத் திறந்தாள். அலமாரியின் உள்ளே வெளிச்சம் விழுந்தது. குறைந்தது. மறுபடி விழுந்தது.

திரும்பிப் பார்த்தாள்.

விளக்குகள் அலைந்துகொண்டிருந்தன. மங்கி. பிரகாசித்து. மங்கி.

என்ஜின் ஓடவில்லையே! கண்ணாடிக்கு அப்பால் இரும்புச் சக்கரம் அசையாமல் நின்றது. அப்புறம் எப்படி? இரண்டு பக்கமும் உயிர் இருந்தால்தானே அலையும்? அந்தப் பக்கம் ஏதோ ஒன்று. சரி. இந்தப் பக்கம் என்ன?

இந்தப் பக்கம் இருந்தது அவளும் அவனும் மட்டும்.

அவன் முதுகு அவளுக்கு நேராக இருந்தது. நனைந்த சட்டை ஒட்டிக்கொண்டு, விலா எலும்புகள் தெரிந்தன. விலா விரிந்தது, விளக்கு பிரகாசித்தது. விலா சுருங்கியது; விளக்கு மங்கியது. நிதானமாக. தூங்குகிறவன் மாதிரி. பூட்டு கழன்று தரையில் விழுந்தது.

அப்போது இன்டர்காம் அடித்தது.

"எடுக்காத அக்கா" என்றான் அவன், திரும்பாமலே.

அவள் எடுத்தாள்.

"அக்கா! அப்பாடி, லைன் கிடைச்சுதா? எவ்வளவு நேரமா ஹலோ ஹலோன்னு கத்தறேன், தொண்ட வறண்டு போச்சு. ஏன் என்ஜின நிறுத்தின? ஃபிட்டர் காதுல விழுந்தா மனுஷன் சாமியாடிடுவாரு. இங்க கும்மிருட்டு, டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு வேல பாத்தேன், எச்சிலெல்லாம் சட்டையில ஒழுகுது, சிரிக்காத. கடைசி நட்டுதான் பாக்கி. ரெண்டு கையும் உள்ளதான் இருக்கு. பேசிட்டே முடிச்சிடறேன். அக்கா? கேக்குதா?"

அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"அக்கா? ஏன் மூச்சு வாங்குது? பக்கத்துல யாரு?"

கையை எடு என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல். கைய எடுடா தம்பி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விளக்குகளின் நடை தளர்ந்தது. மங்கல் நீண்டது. இன்னும் நீண்டது. பிரேக்கரின் கைப்பிடியில் அவன் கை இருந்தது. காத்திருந்தது. சரியான நொடி தெரிந்தவன் மாதிரி.

"கை…" என்றாள்.

விளக்குகள் அணைந்தன.

டமார் என்று அவன் பிரேக்கரைப் போட்டான்.

கண்ணாடிக்கு அப்பால், டீசல் அடைபட்ட, உயிரில்லாத என்ஜினின் சக்கரம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. உறுமல் இல்லை. வெடிப்பு இல்லை. காற்றை உள்ளே இழுத்து வெளியே விடும் ஓசை மட்டும். திறந்து கிடந்த கதவு வழியாக, முற்றத்துக்கு எதிரே பேனல் ரூம் ஜன்னல் பளீரென்று எரிந்தது. அதை அடுத்துக் கூழ் அறை. காகித அறை. கிடங்கு. ஸ்விட்சு போடாத விளக்குகள், பல்பே மாட்டாத ஹோல்டர்கள், எல்லாம். ஆலை முழுதும் விழித்துக்கொண்டது.

பேனல் ரூம் ஜன்னலில் தம்பி நின்றிருந்தான். இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன. விழவில்லை. துடிக்கவில்லை. போன் இன்னும் தோளில் இடுக்கியபடி இருந்தது. முகம் மட்டும் மெல்ல, மெல்ல, அவள் பக்கம் திரும்பியது.

அவள் அலறினாள். இப்போதுதான் குரல் வந்தது. அலறிக்கொண்டே சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். குத்தினாள். பிரேக்கர் கைப்பிடியில் தொங்கினாள். அது சுவரோடு சுவராக இறுகியிருந்தது. ரப்பர் கையுறை ஒன்று அவள் தோளின் மேல் பரிவோடு வந்து படிந்தது. அந்தக் கையில் இப்போது குளிர் இல்லை. கதகதப்பாக இருந்தது, உயிரோடு இருக்கிற ஆளின் கை மாதிரி.

தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரிலிருந்தும், காதுக்குப் பக்கத்திலிருந்தும், ஒரே மூச்சில், ஒரு இம்மி முன்பின் இல்லாமல், அந்த ஒரே குரல் அவளைக் கூப்பிட்டது.

"அக்கா."